உறைந்த மழை

தியானப் பகுதி: ஏசாயா 55:10, 11



நம் கைகளில் இருக்கிற பழைய தமிழ் வேதாகமத்தில் ஏசாயா 55ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனத்தை வாசிக்கும்போது, ‘உறைந்த மழை’ என்றொரு சொல் நம்மை நிறுத்துகிறது. எபிரெய மூலத்தில் அங்கே ‘ஷெலெக்’ என்ற சொல் இருக்கிறது. எர்மோன் மலையின் உச்சியில் வெண்மையாய்ப் படிந்து கிடப்பதற்கு வழங்கும் பெயர் அது. தமிழில் ‘பனி’ என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் ஈரமே முதலில் மனத்தில் தோன்றும். வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். ஆகவே வேதத்தைத் தமிழாக்கிய நம் முன்னோர் அந்த எபிரெயச் சொல்லை உறைந்த மழை என்று எழுதினார்கள். பனிமலையைக் கண்டிராத மக்களுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்வது அரிது.

மழையும் உறைந்த மழையும் மண்ணில் இறங்கியபின் விளைச்சலை உண்டாக்காமல் வீணாவதில்லை. கர்த்தர் அனுப்பும் வார்த்தையும் தன் காரியத்தை முடிக்காமல் போவதில்லை. இதுவே அவ்விரு வசனங்களின் சாரம். இந்த ஒப்புமைக்கு மழை ஒன்றே போதுமே, உறைந்த மழையையும் தீர்க்கதரிசி ஏன் சேர்த்துச் சொன்னார் என்று கேட்கத் தோன்றுகிறது. மழை பெய்த அன்றே நிலம் நனைகிறது. சில நாட்களில் முளை தெரிகிறது. உறைந்த மழையோ விழுந்த இடத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கிறது. அதன் கீழுள்ள நிலம் செத்ததுபோலத் தோன்றுகிறது. எனினும் தீர்க்கதரிசி இரண்டையும் ஒரே வாக்கியத்தில், ஒரே வாக்குத்தத்தத்தின் கீழ் வைக்கிறார்.

சென்ற செப்டம்பர் மாதக் கடைசியில் இமாசலப் பிரதேசத்திலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கில் என் மனைவியோடும் உடன் ஊழியர் இருவரோடும் ஆறு நாட்கள் பயணம் செய்தேன். இந்த வசனம் வழி முழுவதும் எங்களோடு வந்தது. அங்கே கண்டவற்றையும், நம் சபையின் முன்னால் இப்போது நிற்கிற ஒரு காரியத்தையும் இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

மலைக்கு அப்பால்

மணாலியிலிருந்து புறப்பட்ட காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. வழியின் இருபுறமும் தேவதாரு மரங்கள்; சரிவுகளில் ஆப்பிள் தோட்டங்கள்; பாறைகளின்மேல் பாசி. சோலாங்கைக் கடந்ததும் அடல் சுரங்கப்பாதை வந்தது. பீர் பாஞ்சால் மலைத்தொடரின் அடியில் 9.02 கிலோமீட்டர் நீளத்திற்குக் குடையப்பட்ட அந்த வழி, 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன் லாஹௌலுக்குப் போகவேண்டியவர்கள் 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோஹ்தாங் கணவாயை ஏறிக் கடந்தாக வேண்டும். ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் பனி அந்தக் கணவாயை அடைத்துவிடும். எங்கள் வண்டியின் ஓட்டுநர் லாஹௌலில் பிறந்த இளைஞர். குல்லுவில் தங்கிப் படித்த தம் அக்காள், நவம்பரில் வழி அடைபட்டால் வசந்தகாலத்தில்தான் வீட்டுக்கு வருவாள் என்றார். இப்போது மணாலிக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு அன்றே திரும்ப முடிகிறதாம்.

சுரங்கத்தின் மறுமுனையில் வெளிப்பட்டபோது தூறல் நின்றிருந்தது. வானம் முழு நீலம். மலைகள் மரமில்லாமல், சாம்பலும் செம்மண்ணுமான நிறத்தில் நின்றன. தண்ணீர் ஓடும் இடங்களில் மட்டும் வில்லோ மரங்களும் பாப்லர் மரங்களும் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தன. தென்மேற்குப் பருவமழையின் மேகங்கள் பீர் பாஞ்சாலின் தெற்குச் சரிவில் மோதித் தங்கள் நீரையெல்லாம் குல்லு, மணாலிப் பக்கத்திலேயே கொட்டிவிடுகின்றன. மலையைத் தாண்டி வருவது சொற்பமே. ஆகவே இங்கே கோடை என்பது வறட்சியின் காலம்.

வழியில் தாண்டி என்ற ஊரில் சந்திரா நதியும் பாகா நதியும் கலக்கும் இடத்தைப் பார்த்தோம். இவ்விரு நதிகளும் பாராலாச்சா கணவாய்க்கு அருகே, ஒன்றையொன்று பாராத இரு பக்கங்களில் பிறக்கின்றன. வெவ்வேறு திசைகளில் மலைகளைச் சுற்றி ஓடி, தாண்டியில் சந்திக்கின்றன. அங்கிருந்து சந்திரபாகா என்று பெயர்பெற்று, பின்பு செனாப் நதியாகிப் பாகிஸ்தானின் பஞ்சாப் சமவெளிக்குப் போகின்றன. அங்கே கோதுமை விதைக்கும் உழவர்களில் எத்தனை பேர் லாஹௌல் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்? ஆயினும் அவர்கள் வயலில் ஓடும் நீரில் ஒரு பங்கு இந்த மலைகளின் பனியே.

பனியை எதிர்பார்க்கும் வயல்கள்

மாவட்டத் தலைநகரான கேலாங், பாகா நதிக்கு மேலே 3,000 மீட்டருக்கும் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. அதற்கு அருகிலிருந்த ஒரு சிற்றூரில், வயதான தாயார் ஒருவரின் வீட்டில் தங்கினோம். தட்டையான மண்கூரை, அதன்மேல் குளிர்காலத்திற்காகக் காயவைத்த புல் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தது. வயல்களில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆண்டுக்கு ஒரு போகந்தான். நிலம் உறைவதற்குமுன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

மாலையில் அடுப்பண்டையில் உட்கார்ந்திருந்தபோது, மழைக்காகக் காத்திருப்பீர்களா என்று அந்தத் தாயாரிடம் கேட்டேன். ஓட்டுநர் மொழிபெயர்த்தார். அவர் சிரித்துவிட்டார். “மழை எதற்கு? மழை வந்தால் கூரை ஒழுகும், புல் அழுகும். பனி விழாவிட்டால்தான் எங்களுக்குப் பயம்” என்றார். குளிர்காலத்தில் நன்றாகப் பனி விழுந்தால், கோடையில் மேலே அது மெல்ல மெல்ல உருகும். உருகிய நீரை மலைச்சரிவில் வெட்டிய சிறு வாய்க்கால்களின் வழியாக வயலுக்குக் கொண்டுவருகிறார்கள். ‘குல்’ என்று அந்த வாய்க்காலுக்குப் பெயர். எந்த வீட்டுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று ஊரார் முறை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஏரி செய்யும் வேலையை அங்கே மலைமேலுள்ள பனி செய்கிறது. சனவரியில் விழுந்தது சூன் மாதத்தில் பயிருக்குப் போகிறது.

அந்தப் பனியை அவர்கள் மென்மையான ஒன்றாகப் பேசவில்லை. 1979ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லாஹௌலில் உண்டான பனிச்சரிவுகளில் 200 பேருக்கும் அதிகமானோர் மாண்டார்கள். பனி வழியை அடைக்கிறது, நோயாளியை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது, வீட்டை மூடுகிறது. பனியின் பாரத்தைச் சுமக்கும் மாதங்களில் அதன் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இருந்தும் அது விழவேண்டும் என்றே அவர்கள் காத்திருக்கிறார்கள். உறைந்த மழையைத் தேவனுடைய வார்த்தைக்கு ஒப்பிட்ட தீர்க்கதரிசி, இதையெல்லாம் அறிந்த ஒரு தேசத்தில் நின்று பேசினார். லீபனோனின் பனியையும் எர்மோனின் பனியையும் பார்த்தே யோர்தானின் நீரை அறிந்தவர்கள் அந்த மக்கள்.

ஐம்பது ஆண்டுகள்

கேலாங்கிற்கு நாங்கள் போனதற்கு ஒரு காரணம் உண்டு. இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு படித்தவர்கள் மொராவிய சபையாரை மறக்கமாட்டார்கள். 1722இல் ஜெர்மானிய நாட்டின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் அடைக்கலம் புகுந்த அந்தச் சிறு கூட்டம், உலகத்தில் யாரும் போக விரும்பாத இடங்களைத் தேடித் தன் மக்களை அனுப்பியது. நம் தமிழ்நாட்டையும் அவர்கள் தொட்டிருக்கிறார்கள். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறி, அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போனார்கள். அங்கே பலர் காய்ச்சலில் மரித்தார்கள், ஊழியம் கைவிடப்பட்டது.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதே சபையிலிருந்து ஹைடே, பாகெல் என்ற இருவர் 1853இல் இந்தியாவுக்கு வந்தார்கள். அவர்கள் போக விரும்பிய தேசம் மங்கோலியா. ருஷ்யாவின் வழி அவர்களுக்குத் திறக்கவில்லை. இந்தியாவின் வழியாகத் திபெத்தைக் கடந்து போகலாம் என்று வந்தார்கள். திபெத்தின் எல்லையும் திறக்கவில்லை. எனவே எல்லைக்கு இப்புறத்தில், திபெத்திய மொழியின் கிளைகளும் பௌத்த மடங்களும் இருந்த லாஹௌலில், 1856இல் கேலாங்கில் வீடு கட்டினார்கள். காத்திருக்கும் இடம் என்று எண்ணிய ஊரே அவர்களுடைய ஊழியக் களமாயிற்று.

1859இல் மரியா ஹார்ட்மன் என்ற பெண் அங்கு வந்து வில்ஹெல்ம் ஹைடேயை மணந்தார். மிஷனரிப் பெற்றோருக்குச் சுரினாமில் பிறந்தவர் அவர். அதுவரை ஹைடேயை அவர் பார்த்ததில்லை. இருவரும் கேலாங்கில் 1898 வரை வாழ்ந்தார்கள். தங்கள் பிள்ளைகளில் சிலரைச் சாவில் இழந்தார்கள். மற்றவர்களைப் படிப்பிற்காக ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டுப் பிரிந்திருந்தார்கள். 1903இல்தான் ஹைடே தம் சொந்த நாட்டுக்குத் திரும்பினார். இடையில் ஐம்பது ஆண்டுகள் அவர் ஊருக்குப் போகவில்லை.

இந்த ஐம்பது ஆண்டுகளின் கணக்கு என்ன? பள்ளி நடத்தினார்கள். சிறு அச்சுக்கூடம் வைத்துத் திபெத்திய மொழியில் துண்டுப்பிரதிகள் அச்சிட்டார்கள். நோயாளிகளைக் கவனித்தார்கள். கணவாய்களைக் கடந்து ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்கள். முதல் ஞானஸ்நானத்திற்கே பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. லாஹௌல் மக்களில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்கள் மிகச் சிலர். கேலாங் சபையில் இருந்தவர்களில் பலர் லடாக்கிலிருந்து வந்தவர்கள். 1940இல் கேலாங் ஊழியம் மூடப்பட்டது. இன்று அப்பள்ளத்தாக்கின் மக்கள் பெரும்பாலும் பௌத்தர்களும் இந்துக்களுமே. நதிக்கு எதிர்ப்புறத்து மலையில் கார்தாங் மடத்தின் கொடிகள் பறக்கின்றன.

ஆண்டறிக்கை எழுதுகிற எவரும் இதை வெற்றி என்று எழுதமாட்டார். அதை மறைக்கவேண்டிய அவசியமும் நமக்கு இல்லை.

மலையிலிருந்து இறங்கிய நீர்

நாங்கள் தங்கியிருந்த வீட்டின் தாயார் பேசும்போதெல்லாம் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். கையைப் பார்க்காமலே விரல்கள் ஓடின. என் மனைவி அருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “வா பேட்டி, நீயும் பின்னு” என்று ஊசிகளை அவள் கையில் கொடுத்தார். லாஹௌலின் காலுறைகளும் கையுறைகளும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை. அங்குள்ள பெண்களுக்கு இந்தப் பின்னல் வேலையைக் கற்றுக்கொடுத்தவர்களில் மரியா ஹைடே முதன்மையானவர். உருளைக்கிழங்கு பயிரிடுவதையும் அம்மக்களுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் அந்த மிஷனரிகளே. இன்று அப்பள்ளத்தாக்கின் முக்கியமான பணப்பயிர்களில் அது ஒன்று.

அந்த உருளைக்கிழங்கைப் பற்றி ஓட்டுநர் சொன்ன ஒரு செய்தி என் உள்ளத்தில் தங்கிவிட்டது. லாஹௌலின் கிழங்கு உண்பதற்காக மட்டும் விளைவதில்லை. அதில் பெரும்பங்கு விதைக்கிழங்கு. குளிரும் வறட்சியுமான அந்த உயரத்தில், கிழங்கின் நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சிகள் குறைவு. ஆகவே அங்கு விளையும் விதை தூய்மையானது என்று வேறு மாநிலத்து விவசாயிகள் வாங்கிப் போகிறார்கள். அந்தச் சிறு வயல்களின் பலன், எங்கோ உள்ள பெரிய வயல்களில் அறுவடையாகிறது.

காலுறையும் உருளைக்கிழங்கும் சுவிசேஷத்திற்கு ஈடாகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஈடாகா. ஹைடே அவற்றுக்காகத் தம் தேசத்தை விட்டு வரவுமில்லை. ஆனால் அங்கே விழுந்த வார்த்தையின் கதை அத்தோடு முடியவில்லை.

1857இல் யேஷ்கே என்ற மொழியறிஞர் கேலாங்கிற்கு வந்து ஹைடேயோடு சேர்ந்தார். திபெத்தியத்தை ஆழக் கற்று, புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்க்கத் தொடங்கினார். தேவனைக் குறிக்க ‘கொன்சோக்’ என்ற சொல்லைத் தெரிந்துகொண்டார். பராபரன், தேவன், கடவுள் என்று நம் மொழியில் நடந்த நீண்ட தேடலை அறிந்தவர்களுக்கு அந்த உழைப்பின் பாரம் விளங்கும். உடல்நலம் கெட்டு 1868இல் அவர் ஜெர்மனிக்குத் திரும்பினார். அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி 1881இல் வெளிவந்தது. அறிஞர்கள் அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 1883இல் அவர் மரித்தார். அவர் பாடுபட்ட புதிய ஏற்பாடு 1885இல், அதாவது அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப்பின், அச்சாகி வந்தது. ஹைடே தம் முதிர்வயதில் கேலாங்கை விட்டுப் போனபின், அந்த மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியில் தம் கடைசி இந்திய ஆண்டுகளைச் செலவிட்டார்.

பழைய ஏற்பாட்டின் பணி லடாக்கின் கிறிஸ்தவரான யோசேப் கெர்கனின் கைகளுக்கு வந்தது. பல ஆண்டுகள் உழைத்து அவர் அதை முடித்தார். அச்சாவதற்குமுன் உலகப்போர் வந்துவிட்டது. 1946இல் கெர்கன் மரித்தார். 1948இல் திபெத்திய மொழியில் முழு வேதாகமம் லாகூரில் அச்சாகி வெளிவந்தது. யேஷ்கே கேலாங்கில் வந்து இறங்கிய ஆண்டிலிருந்து எண்ணினால் 91 ஆண்டுகள். தொடங்கினவரும் முடித்தவரும் தங்கள் உழைப்பின் பலனைக் கையில் ஏந்திப் பார்க்கவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தல காலத்து ஆசிரியர் எழுதியதுபோல, தூரத்திலே கண்டு வணங்கிப் போனவர்களின் வரிசையில் அவர்களும் சேர்ந்தார்கள்.

லேயிலும் லடாக்கின் சில ஊர்களிலும் மொராவிய சபைகள் இன்றும் இருக்கின்றன. 1885இல் லேயில் தொடங்கிய ஊழியத்தின் கனி அவை. கேலாங்கில் விழுந்த பனி, வேறொரு பள்ளத்தாக்கில் நீராக ஓடியிருக்கிறது.

கேலாங்கில் ஓர் ஓய்வுநாள்

ஞாயிறு காலையில் ஆராதனைக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு தேநீர்க் கடையில் நின்றோம். அங்கே சாலைப்பணித் தொழிலாளர் இருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கழுத்தில் நூலில் கோத்த சிறு மரச்சிலுவை. ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து வந்த சந்தால் சகோதரர்கள் அவர்கள். பாராலாச்சாவுக்குப் போகும் சாலையில், 4,800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் கல் உடைக்கிறவர்கள். பனி விழத் தொடங்குமுன் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் அன்று ஆராதித்தோம். நாங்கள் நால்வர், அவர்களுடைய கூட்டத்தில் ஐவர். அவர்கள் சந்தாலி மொழியில் பாடினார்கள். நாங்கள் தமிழில் பாடினோம். ஜெபத்தில் மட்டும் எல்லோரும் அவரவர் மொழியில் ஆமென் வரை சேர்ந்து வந்தோம். மரச்சிலுவை அணிந்திருந்தவர் தம் மொழி வேதத்தை வாசித்தார். ஓரங்கள் கருத்து, நூல் கொண்டு தைத்த புத்தகம்.

ஆராதனை முடிந்ததும் அவர் இந்தியில் என்னிடம், “பாஸ்டர்ஜி, உங்கள் சபையில் எத்தனை பேர்?” என்று கேட்டார். ஞாயிறுதோறும் நானூறு பேர் வருவார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நானூறு பேரையும் எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். மேலே காற்று மோசம்” என்றார். ஐவர் கூடும் தம் கூட்டத்தை நானூறோடு ஒப்பிட்டு அவர் சிறுத்துப்போகவில்லை. நானூறு பேரும் தமக்குச் சொந்தக்காரர் என்றே எண்ணினார். அவர் கேட்டபடியே உங்களிடம் சொல்லியிருக்கிறேன், ஜெபிக்க மறவாதிருங்கள்.

நம் முன்னால் நிற்கிற காரியம்

இப்போது நம்முடைய காரியத்திற்கு வருகிறேன். அடுத்த மாதம் கூடும் சேகரக் கமிட்டியில், நம் கிராமத்துக் கிளைச் சபையைத் தொடர்ந்து நடத்துவதா, அதை மூடிவிட்டு அங்குள்ளவர்களை இங்கே அழைத்துக்கொள்வதா என்ற கேள்வி தீர்மானத்திற்கு வருகிறது. ஞாயிறுதோறும் அங்கே கூடுகிறவர்கள் ஒன்பது பேர், பெரும்பாலும் முதியவர்கள். ஓட்டுக்கூரையைப் பிரித்து மாற்றவேண்டியிருக்கிறது. அதற்காகும் தொகையைக் கொண்டு, நம் பட்டணத்தில் புதிதாக வளர்ந்துவரும் குடியிருப்புப் பகுதியில் சிறுவர் ஊழியம் தொடங்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. கர்த்தருடைய பணத்தைக் கருத்தோடு செலவழிக்க வேண்டும் என்ற உத்தமமான எண்ணத்திலிருந்து எழுந்த கேள்வி. அதைக் கேட்டவர்களை யாரும் அன்பற்றவர்கள் என்று எண்ணக்கூடாது.

ஊரிலிருந்து திரும்பியபின், கிளைச் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலுள்ள பெயர்களில் பல, நம் பட்டணச் சபையின் பெயர்கள். நம் பாடகர் குழுவில் இருவர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர், கமிட்டி உறுப்பினர் மூவர், அந்த ஓட்டுக்கூரையின் கீழ் ஞானஸ்நானம் பெற்றவர்கள். படிப்புக்கும் வேலைக்கும் பட்டணத்திற்கு வந்தார்கள். நம் இருக்கைகள் நிறைந்தன. அங்குள்ள பாய்கள் காலியாயின. வேறு நகரங்களின் சபைகளில் இருக்கிறவர்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் பெரிதாகும். அந்தக் கிராமம் நமக்கு விதைக்கிழங்கு விளைவித்த வயல். அறுவடையைத் தன் களத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்காக ஒரு விதைவயலைப் பலனற்றது என்று எழுதமுடியுமா? விதைப்பவர் ஒருவராகவும் அறுப்பவர் வேறொருவராகவும் இருப்பார்கள் என்பதைச் சமாரியாவின் கிணற்றண்டையில் ஆண்டவர் தம் சீஷர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அறுக்கிறவர்கள் விதைத்தவர்களின் பிரயாசத்திற்குள் நுழைந்திருக்கிறார்கள் என்பதும் அந்தப் போதனையின் ஒரு பகுதி (யோவான் 4:37, 38).

எந்தச் சிறு சபையும் என்றென்றைக்கும் நடந்தே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேலாங் ஊழியமும் ஒருநாள் மூடப்பட்டது. மொராவிய சபை தன் ஆட்களை வேறு களங்களில் வைத்தது. கதவை மூடுவது சில வேளைகளில் கீழ்ப்படிதலாகவும் இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையின் தலைக்கணக்கு ஒன்றையே வைத்து நாம் தீர்மானித்தால், சனவரி மாதத்தில் லாஹௌலின் வயலைப் பார்த்து, இங்கே தண்ணீர் இல்லை என்று சொல்பவரைப்போல ஆவோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தீர்மானத்திற்கு முன் கமிட்டியின் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு ஞாயிறாவது அங்கே போய், அந்த ஒன்பது பேரோடு உட்கார்ந்து ஆராதியுங்கள். அவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். பட்டணத்திற்கு வர நடக்கமுடியாத இரண்டு தாய்மார்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் நம் சபையின் குடும்பங்களைப் பெயர்சொல்லி ஜெபிக்கிறவர்கள் அவர்கள். யாருக்காக ஜெபிக்கிறார்கள் என்று கேட்டால், உங்கள் பெயரும் அதில் இருக்கக் காண்பீர்கள். அதன்பின் கூடி, கர்த்தருடைய சித்தத்தைத் தேடுவோம். எந்தப் பக்கம் தீர்மானம் வந்தாலும் அதை நானும் மனதார ஏற்றுக்கொள்வேன்.

காத்திருப்பவர்களுக்கு

கமிட்டியின் காரியத்தோடு சம்பந்தமில்லாத சிலரும் இதை வாசிப்பார்கள். மகன் ஆலயத்திற்குத் திரும்ப வரவேண்டும் என்று பதினைந்து ஆண்டுகளாக ஜெபிக்கிற தாய் நம் சபையில் உண்டு. குடிப்பழக்கத்தை விடாத கணவனுக்காக உபவாசிக்கிறவர்கள் உண்டு. வகுப்பறையில் ஆண்டுதோறும் அன்பாகப் பேசியும், ஒரு பிள்ளையாவது தன் சொல்லைக் கேட்டதா என்று அறியாமல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு. உங்களுக்கு எளிதான ஆறுதலைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஹைடே தம்பதியருக்கு அவர்கள் கண்ட நாட்களில் பதில் கிடைத்தது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். பனிக்காலம் உண்மையாகவே நீளமானது. அது மனிதரைச் சோர்வடையச் செய்கிறது.

ஆனால் ஏசாயா 55:11ஐ இன்னொருமுறை கவனமாய் வாசியுங்கள். நாம் விரும்பிய காரியம் நடக்கும் என்று தேவன் அங்கே சொல்லவில்லை. தாம் விரும்பியதும் தாம் அனுப்பிய காரியமும் நிறைவேறும் என்றே சொல்கிறார். அந்த வாக்கை முதலில் கேட்டவர்கள் பாபிலோனில் சிறையிருந்தவர்கள்; எருசலேம் அப்போது இடிந்து கிடந்தது. உருகும் நாளையும், நீர் ஓடும் திசையையும், அது சென்றடையும் வயலையும் அவர் தம் கையில் வைத்திருக்கிறார். நம் கையில் இருப்பது வாய்க்கால் மட்டுமே. லாஹௌலின் மக்கள் பனி உருகுவதற்கு முன்பே வாய்க்காலைச் சுத்தம் செய்து வைக்கிறார்கள். அந்தத் தாயார் தம் விரல்களைச் சும்மா வைத்திருக்கவில்லை. நாமும் ஜெபத்தைக் குறைக்காமல், அன்பைக் கைவிடாமல், இன்று செய்யவேண்டிய சிறு காரியத்தை இன்றே செய்துகொண்டிருப்போம்.

ஜெபம்

பரலோகப் பிதாவே, மழையையும் உறைந்த மழையையும் அனுப்புகிறவரே, உம்மைத் துதிக்கிறோம். பலனைக் காணாமல் உழைத்து மரித்த உம்முடைய ஊழியர்களுக்காக நன்றி சொல்லுகிறோம். உயரமான சாலைகளில் கல் உடைக்கும் எங்கள் சகோதரர்களைக் காற்றிலும் குளிரிலும் காத்தருளும். லாஹௌலின் மக்களை ஆசீர்வதியும். அவர்கள் வாய்க்கால்களில் நீர் வற்றாதிருப்பதாக. எங்கள் கிளைச் சபையைக் குறித்து எடுக்கும் தீர்மானத்தில் உமது மனதை எங்களுக்குத் தாரும். நெடுநாள் காத்திருக்கிறவர்களின் கரங்களைத் திடப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபங்கேளும் எங்கள் நல்ல பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்